பாலம் பணியுமா, பாய்மரம் பணியுமா?

ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள மேட்டில் நிற்கும் ஆளுநர் மாளிகையைக் கட்டும் வேலை 1877இல் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் டியூக். இங்கிலாந்தில் தன் குடும்பத்துக்கிருந்த ஸ்டோ மாளிகையின் சாயலில் அதை எழுப்பினார். அதே ஆண்டுகளில் தென்னாட்டில் பெரும் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைத் தின்றுகொண்டிருந்தது. பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டது. வடக்கிலிருந்து ஏற்கெனவே வந்துகொண்டிருந்த கால்வாயும் தெற்கே சென்ற கால்வாயும் அதனால் ஒன்றாயின. முழு நீளத்துக்கும் அந்த ஆளுநரின் பெயரே நிலைத்தது. இந்தியாவுக்கு வருவதற்கு முன், 1853 முதல் 1861 வரை, லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராக இருந்தவர் அவர். ரயில் நடத்திய ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்தக் கால்வாய், ரயில் பாலங்களுக்குக் கீழேதான் குனிந்து செல்ல வேண்டியிருந்தது. 1870 முதல் சென்னை மாகாண அரசு ஆண்டின் பாதியை ஊட்டியில் கழித்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் கட்டிய ஸ்டோன்ஹவுஸ் அதன் கோடைக்காலச் செயலகமானது. கடலோரத் தாழ்நிலத்தின் நீர்வழிகளை ஆண்டவர்கள், ஆண்டில் ஆறு மாதம் எந்தச் சரக்குப் படகும் ஏறி வர முடியாத இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஆண்ட நீர்வழிகளில் பாய்மரத்தின் உயரத்தை யார் முடிவு செய்தார்கள், எப்படி முடிவு செய்தார்கள் என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி சிறியதுபோலத் தெரியும். கடலில் ஓடும் படகுக்குப் பாய்மரம் எவ்வளவு உயரம் என்பதைக் காற்றும், படகின் அகலமும், அடிச்சுமையும் முடிவு செய்கின்றன. உள்நாட்டு நீர்வழியில் இவற்றோடு நான்காவதாக ஒன்று சேர்கிறது. அந்த வழியில் உள்ள அசையாப் பாலங்களில் மிகத் தாழ்ந்தது எதுவோ, அதுதான் முழு வழிக்கும் சட்டம். நூறு பாலங்களில் தொண்ணூற்றொன்பது உயரமாக இருந்து ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தாலும் அந்த ஒன்றின் உயரத்துக்குத்தான் மரம் வெட்ட வேண்டும். அந்த உயரமும் நிலையானதல்ல. கடலோடு தொடர்புள்ள கால்வாயில் ஓதம் ஏறினால் பாலத்துக்கும் நீருக்கும் இடையிலுள்ள வெளி குறையும்; மழைக்கால வெள்ளத்தில் இன்னும் குறையும். சரக்கு ஏற்றிய படகு நீருக்குள் அமிழ்ந்திருக்கும், அதே படகு வெறுமையாகத் திரும்பும்போது எழுந்து மிதக்கும். போகும்போது நுழைந்த பாலத்துக்கடியில் திரும்பும்போது இடிப்பது இதனால்தான். ஆகவே படகுகட்டி அளந்து பார்ப்பது பாலத்தின் அடிவிளிம்பை மட்டுமல்ல. மிக உயர்ந்த நீர், மிக இலேசான சுமை, மிகத் தாழ்ந்த பாலம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று பார்த்து, அதற்கும் மேலே ஒரு முழம் விட்டுத்தான் மரத்தின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். இன்னொரு பக்கம் காற்று இழுக்கிறது. கால்வாயில் கரை இருக்கிறது, கரையில் மரம் இருக்கிறது, தாழ்வான இடத்தில் காற்று செத்துக் கிடக்கிறது. சென்னைக்கு வடக்கேயும் தெற்கேயும் கால்வாயின் ஓரமெல்லாம் சவுக்குத் தோப்புகள். அந்தத் தோப்புக்கு மேலே எட்டிப் பார்க்கும் பாய்தான் ஓடும். உயரம் கூடக்கூடப் பயண நேரம் குறையும்.

இந்த இழுபறி எங்கே எப்படி முடிந்தது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பாதையும் வாகனமும் ஒரே கையில் இருந்த இடங்களில் உயரம் ஒரே முறை, கண்ணைத் திறந்துகொண்டு முடிவானது. பாலம் ஒருவருடையதாகவும் படகு இன்னொருவருடையதாகவும் இருந்த இடங்களில், பாலம் கட்டியவர் மிச்சப்படுத்திய பணத்தைப் படகுக்காரர் ஒவ்வொரு நடையிலும் கட்டினார். படகுக்காரருக்கு வலுவிருந்த இடத்தில் மட்டுமே பாலம் பணிந்தது. முதல் வகைக்கு நீலகிரி மலை ரயிலைவிடத் தெளிவான சான்று இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். அதில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்து. குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் வண்டி ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில் வழக்கமான எஞ்சின் ஏறாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் தண்டவாளத்துக்கு நடுவே ஆப்ட் முறைப் பற்சட்டத்தைப் பதித்தார்கள். அந்தப் பல்லைக் கடித்து ஏறும் எஞ்சினைச் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலை 1914 முதல் செய்து அனுப்பியது. குகையின் வாய், வளைவின் கூர்மை, பெட்டியின் நீளம், எஞ்சினின் அச்சு எல்லாமே ஒன்றையொன்று கேட்டு அமைந்தன. குகையைச் சிறிதாக வெட்டி மிச்சப்படுத்தலாம் என்று நினைத்திருந்தால் சிறிய பெட்டியின் நட்டமும் அதே கணக்கில் வந்திருக்கும். அதனால்தான் நூறாண்டைத் தாண்டியும் அந்தப் பாதையில் வண்டிக்கும் வழிக்கும் சண்டை இல்லை.

பாய்மரங்களுக்கும் இந்த மலைகளுக்கும் உறவு உண்டு என்பதையும் இடையே சொல்ல வேண்டும். நீலகிரியின் மேற்குச் சரிவு இறங்கி முடியும் இடம் நிலம்பூர். அங்கே 1840களில் மலபார் கலெக்டர் கனோலி தொடங்கிய தேக்குத் தோட்டம், இந்தியாவின் முதல் தேக்குத் தோட்டம் என்று பெயர் பெற்றது. கப்பல் கட்டும் மரம் தீர்ந்துவிடும் என்ற அச்சமே அதற்குப் பின்னால் இருந்தது. வெட்டிய மரம் சாலியாற்றில் தெப்பமாக மிதந்து பேப்பூருக்குப் போனது. தேக்கு உடலுக்கு, புன்னை இனத்து மலைமரம் பாய்மரத்துக்கு என்பது மேற்குக் கரையின் பழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கிளையே இல்லாமல் நேராக வளரும் அந்த மரத்தை ஆங்கிலக் கப்பற்படையும் தேடி வாங்கியது. நெடிய மரம் கையருகே கிடைத்தும் நம் கடற்கரைப் படகுகளில் பல குட்டையான மரத்தைத்தான் நட்டன. வள்ளத்திலும் கட்டுமரத்திலும் மரம் குட்டை, அதில் சாய்த்து ஏற்றும் பருமல் நெடியது. பாயின் உயரம் பருமலிலிருந்து வருகிறது. ஆஞ்சான் கயிற்றைத் தளர்த்தினால் பருமல் இறங்கிவிடும், படகின் உயரம் நொடியில் பாதியாகிவிடும். தாழ்ந்த தடையைக் கடக்க இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. ஆனால் நிரந்தரமாக நின்ற மரமும் அதற்கு மேலே மரமும் வைத்த பெரிய சரக்குக் கப்பல்களுக்கு இந்த வசதி கிடையாது. அவற்றின் அடிமரத்தைக் கடலில் வைத்து இறக்க முடியாது.

அப்படிப்பட்ட கப்பல்கள் வந்து நின்ற இடம் பாம்பன். தமிழகத்தில் பாய்மரத்துக்கும் பாலத்துக்கும் நடந்த நேரடிப் போட்டி அதுதான். ராமேஸ்வரம் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய வாய்க்கு வெகு காலமாகவே மதிப்பு உண்டு. அது வழியாகப் போனால் இலங்கையைச் சுற்ற வேண்டாம். பின்னாளில் கோதாவரி அணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், இளம் பொறியாளராக 1822இல் அளந்த வழி அது. பிறகு பாறைகளை வெடிவைத்து ஆழப்படுத்தினார்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணத் தோணிகளுக்கு அதுவே வாசல். அந்த வாசலுக்குக் குறுக்கே தென்னிந்திய ரயில்வே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலத்தைக் கட்டி, 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தது. தண்டவாளம் நீருக்கு மிக அருகில், ஒரு மனிதன் குனிந்தால் தொட்டுவிடலாம் என்று தோன்றும் உயரத்தில் ஓடியது. 145 கண்களும் மூடிய கண்கள். எந்தத் தோணியும் அவற்றின் வழியே நுழைய முடியாது. ஆனால் ஆழமான வாய்க்கு நேரே மட்டும் சிகாகோ பொறியாளர் வில்லியம் ஷெர்ஸர் கண்ட முறையில் இரண்டு இறகுகள் வைத்தார்கள். ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துச் சுற்ற, இரண்டும் உருண்டு பின்வாங்கி வானத்தைப் பார்த்து எழும். மேலே தடையே இல்லை. எவ்வளவு உயரப் பாய்மரமானாலும் போகலாம்.

ரயில்வே ஏன் இதற்குச் செலவு செய்தது? தீவுக்குப் போகும் யாத்திரிகரும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறும் பயணிகளும்தான் அதன் வருமானம். தோணிக்காரரால் அதற்கு ஒரு காசும் இல்லை. பாலத்தை மூடியே கட்டியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும். ஆனால் அந்த வாயை அடைத்தால் இரு கரையின் கடல் வணிகமும், நீராவிக் கப்பல் கம்பெனிகளும், துறைமுக நிர்வாகங்களும், கொழும்பும் எழுந்து நின்றிருக்கும். நீர்வழியை அடைக்கக் கூடாது என்பது அங்கே வலுவுள்ளவர்களின் கோரிக்கை. அந்த வலுவே இறகுகளைத் தூக்கியது. லண்டனிலும் இதே கதைதான். தேம்ஸ் நதியில் டவர் பாலம் 1894இல் திறக்கப்பட்டபோது அது பிளந்து எழும் பாலமாக இருந்ததற்குக் காரணம் அதற்கு மேற்கே இருந்த கப்பல் துறைகள். 1885ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த உரிமை எழுதப்பட்டது. முப்பது அடியும் அதற்கு மேலும் உயரமுள்ள எந்தக் கப்பலும் ஒரு நாள் முன்கூட்டிச் சொன்னால், இன்றுவரை கட்டணமில்லாமல் பாலம் திறக்கிறது. சாலையில் வண்டிகள் காத்து நிற்கின்றன. அந்தத் துறைகளில் சரக்குக் கப்பல்கள் மறைந்து வெகு காலமாகியும் உரிமை மறையவில்லை, ஏனென்றால் அது பாலத்தின் இரும்பிலும் சட்டத்தின் தாளிலும் ஒரே நேரத்தில் பதிந்தது.

பாம்பனில் சட்டம் அவ்வளவு உறுதியாகப் பதியவில்லை, ஆனால் இறகுகள் பதிந்தன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள் போயின, திறக்கும் கண் மட்டும் நின்றது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மீட்டார்கள். மீண்டும் கப்பலுக்குத் திறந்தது. 1988இல் பக்கத்தில் சாலைப் பாலம் வந்தது. அது அசையாப் பாலம், ஆனால் உயரமாக வளைந்து எழுந்த பாலம். அன்றுவரை வானமே எல்லையாக இருந்த பாம்பன் வாய்க்கு முதன்முதலாக ஒரு கூரை விழுந்தது அப்போதுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரயில் பாலத்தின் இறகுகள் எவ்வளவு எழுந்தாலும், அதற்கடுத்துச் சாலைப் பாலத்தின் அடிவிளிம்பு நின்றது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய ரயில் பாலத்தில் இறகுகள் இல்லை, 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே கண் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. அதற்கு மேல் உயர்த்திப் பயனில்லை, ஏனென்றால் பக்கத்துச் சாலைப் பாலத்தின் உயரமே இப்போது அளவுகோல். பாம்பனைக் கடக்கப் படகு கட்டுபவர் இன்று அந்தச் சாலையைப் பார்த்துத்தான் பாய்மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதுவும் அடைக்கப்படவில்லை. ஆனாலும் ஓர் அசையாப் பாலம் சத்தமில்லாமல் முழு நீர்வழிக்கும் சட்டம் எழுதிவிட்டது.

குன்னூர்த் தேயிலை கப்பலேறும் கொச்சியிலும் இதை ஒத்துப் பார்க்கலாம். 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி, அந்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை எழுப்பினார். தீவையும் தோப்பும்படியையும் இணைத்து 1940களில் வந்த துறைமுகப் பாலத்தின் நடுக் கண் எழும்பித் தாழும்படி அமைந்தது. காயலில் வந்துபோகும் வள்ளங்களே துறைமுகத்துக்குச் சரக்கைக் கொண்டுவந்தன. வள்ளம் நின்றால் துறைமுகத்தின் கல்லாப்பெட்டியும் காயும். ஒரே பொறியாளரின் மேசையில் நீரும் பாலமும் இருந்ததால் அவர் நடுக் கண்ணை எழுப்பினார். தேயிலைப் பெட்டி நீலகிரியிலிருந்து பற்சட்டத்தில் இறங்கி, எழும் பாலம் நின்ற கொச்சியில் கப்பலேறியது. வழி நெடுக, பாதையை வாகனத்தோடு சேர்த்து யோசித்தவர்களின் வேலைதான் தெரிகிறது.

இப்போது பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வரலாம். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது அதன் முதல் துண்டு. பிறகு புலிக்காட்டுக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டது, 1837இல் அரசின் கைக்கு வந்தது, தெற்கே மரக்காணம் வரை இறங்கியது. முழுதாக ஏறக்குறைய 420 கிலோமீட்டர். விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புச் சிப்பி என்று நகரத்தின் வயிற்றுக்கும் அடுப்புக்கும் வேண்டியதெல்லாம் அதில் வந்தன. வடசென்னையில் படகுகள் வந்து ஒதுங்கிய பேசினின் பெயரைத்தான் இன்றும் ஒரு ரயில் நிலையம் சுமக்கிறது. காற்று இருந்தால் பாய், காற்று இல்லாவிட்டால் கழி, இரண்டும் போதாவிட்டால் கரையில் நடந்து இழுக்கும் கயிறு என்று மூன்று வழியில் படகு நகர்ந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னாட்டின் முதல் ரயில், கடலோரத்திலிருந்து மேற்கே திரும்பியதும் இந்தக் கால்வாயைக் கடந்தாக வேண்டும். கால்வாய்க்கு அப்போது ஐம்பது வயது. ரயில் கம்பெனி தனியாருடையது, கால்வாய் அரசுடையது, படகு ஆயிரம் பேருடையது. பாலத்தை ஒரு மீட்டர் உயர்த்த வேண்டுமானால் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் இரு பக்கமும் நூறு நூறு மீட்டர் மண்மேடு கூடுதலாகப் போட வேண்டும். அந்தச் செலவு கம்பெனியின் கணக்கில் உடனே தெரியும். தாழ்வாகக் கட்டினால் படகுக்காரர் மரத்தை இறக்க வேண்டும். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் தெரியாது. நகருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த சாலைப் பாலங்களுக்கும் இதே கணக்குதான். பாம்பன் தோணிக்குப் பின்னால் கொழும்பு வணிகர் இருந்தார். இந்தப் படகுக்குப் பின்னால் விறகுக் கடைதான் இருந்தது.

மரத்தை இறக்குவது பெரிய வேலையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஏனென்றால் உலகத்தில் பல இடங்களில் படகுக்காரர்கள் அதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வெரி என்னும் சரக்குப் படகின் பாய்மரத்து அடியில் ஒரு டன்னுக்கு மேல் ஈயத்தைக் கட்டி எதிர்ச்சுமை வைத்தார்கள். கீலில் நின்ற மரம் இரண்டே ஆளால் சாய்ந்து பாலத்தைத் தாண்டி, அதே வேகத்தில் மறுபடி எழும். தேம்ஸ் படகுகளும் மரத்தைச் சாய்த்தே ஏறின. ஆனால் இந்த ஏற்பாடுகள் பாலங்கள் தூரதூரமாக இருக்கும் இடங்களில்தான் முழுப் பயன் தரும். ஒரு நகரத்துக்குள் அடுத்தடுத்துப் பாலம் வந்தால் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் இடையில் பாய்க்குக் காற்றுப் பிடிக்கவே நேரமில்லை. அப்போது மரம் நகர எல்லையிலேயே படுத்துவிடும். பிறகு கழியும் கயிறும்தான். கயிற்றுக்காரர் நடக்கும் கரைப்பாதையும் பாலத்துக்கு அடியில் தொடர்ந்து போக வேண்டும். அது போகாத இடத்தில் கயிற்றை அவிழ்த்து, படகைத் தள்ளி, மறுபக்கம் மீண்டும் கட்ட வேண்டும். ஒரு பாலத்தில் அரை மணி என்றால் பத்துப் பாலத்தில் பாதி நாள். ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாத படகுக்காரர் சரக்கைக் குறைப்பார், விலையைக் கூட்டுவார், கடைசியில் நகருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டு மாட்டு வண்டியைக் கூப்பிடுவார். டச்சுக்காரர்கள் இதை உணர்ந்துதான் நாட்டின் குறுக்கே, நின்ற பாய்மரத்தோடு போவதற்கென்றே ஒரு வழியை வைத்திருக்கிறார்கள். அந்த வழி நெடுகத் திறக்கும் பாலங்கள் அல்லது போதிய உயரமுள்ள பாலங்கள் மட்டுமே உண்டு.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. கால்வாயைப் பாலங்களா கொன்றன? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்து வடக்கே கரையோரமாகவே ரயில் பாதை வந்தது, தூரச் சரக்கு அதற்குப் போனது. பிறகு லாரி வந்தது. ஆற்று முகங்களில் மணல் ஏறியது, ஆழம் குறைந்தது. 1965, 1966 புயல்கள் கரைகளை உடைத்தன. நகரத்தின் சாக்கடை அதில் விழுந்தது. ஆர்தர் காட்டன் 1870களில் நாடாளுமன்றக் குழுவின் முன் இந்தியாவுக்கு ரயிலைவிட நீர்வழிதான் மலிவு என்று வாதாடினார். அந்த வாதம் அப்போதே தோற்றது. இத்தனை காரணம் இருக்கும்போது பாலத்தின் உயரத்தை முன்னிறுத்துவது மிகை என்று தோன்றலாம். ஆனால் இந்தக் காரணங்களை வரிசையாக வைத்து, எதைத் திருத்தலாம் எதைத் திருத்த முடியாது என்று கேட்டுப் பாருங்கள். மணலைத் தூர்வாரலாம். உடைந்த கரையைக் கட்டலாம். சாக்கடையைத் திருப்பலாம். சரக்கும் திரும்பி வரலாம். எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் நீர்வழிப் பேச்சு எழுவதை நாம் பார்க்கிறோம். தாழ்வாகக் கட்டிய பாலம் மட்டும் தன் ஆயுள் முழுதும் அதே உயரத்தில் நிற்கும். படகு வியாபாரம் ஒரு நோயாளி என்றால் மற்றவை நோய்கள், தாழ்ந்த பாலம் மருத்துவரை உள்ளே விடாத கதவு. தூர்வாரும் இயந்திரத்தையே அதற்கடியில் கொண்டுபோக முடியவில்லை என்றால் தூர்வாருவது எப்படி?

இதற்கு நம் கண்முன்னே இருக்கும் சான்று சென்னையின் பறக்கும் ரயில். சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை 1997இல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை, நிலம் வாங்கும் சிக்கலும் செலவும் இல்லாத இடம் என்று கால்வாயைத்தான் தேர்ந்தெடுத்தது. தூண்கள் நீருக்குள்ளேயே இறங்கின, நிலையங்கள் அதன் மேலேயே உட்கார்ந்தன. பக்கிங்ஹாம் டியூக் பஞ்ச காலத்தில் வெட்டுவித்த கூவம் – அடையாறு இணைப்புதான் அந்தத் துண்டு. முழுக் கால்வாயையும் ஒரே வழியாக்கிய இணைப்பு. பட்டினியில் கிடந்தவர்களின் கைகள் தோண்டிய வாய்க்கால். அதன் விளைவைச் சட்டத்திலேயே படிக்கலாம். 2008இல் நான்காவது தேசிய நீர்வழி அறிவிக்கப்பட்டபோது காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்களும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளும் சேர்ந்து 1,078 கிலோமீட்டர் கணக்கில் வந்தன. அதில் வடக்குப் பக்கிங்ஹாம் கால்வாய் 316 கிலோமீட்டர், தெற்குப் பக்கிங்ஹாம் கால்வாய் 110 கிலோமீட்டர் என்று இரண்டு தனித் துண்டுகளாக நிற்கின்றன. நடுவே சென்னை ஒரு அடைப்பு. ரயிலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போக அது வேண்டியிருக்கிறது. அந்த ரயிலைக் கட்டும் மேசையில் படகுக்காக யாரும் உட்காரவில்லை என்பதுதான் குறை. உட்கார்ந்திருந்தால் தூணின் இடத்தையும் தளத்தின் உயரத்தையும் கொஞ்சம் மாற்றியே இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம்.

இனி பாய் விரித்து யார் போகப் போகிறார்கள், எஞ்சின் படகுக்குப் பாய்மரம் எதற்கு என்பது கடைசி மறுப்பு. எஞ்சின் படகுக்கும் மேல்தளம் உண்டு, மாலுமி நின்று பார்க்கும் அறை உண்டு, சரக்குக் குவியல் உண்டு, வெறுமையாகத் திரும்பும்போது எழும் உடல் உண்டு. வெள்ளத்தில் மீட்புப் படகு போக வேண்டுமானால் பாலத்துக்கும் நீருக்கும் இடையிலுள்ள வெளி மிகக் குறைந்திருக்கும் அதே நேரத்தில்தான் போக வேண்டும். பாய்மரம் இவற்றில் மிக உயர்ந்தது என்பதால் அதை அளவாக வைத்தால் மற்றவை தாமாக அடங்கிவிடும். அமெரிக்கா தன் அட்லாண்டிக் கரையோர உள்நாட்டு நீர்வழியில் இப்படித்தான் செய்தது. அசையாப் பாலங்களுக்கு 65 அடி என்று ஒரு பொது உயரத்தை வைத்தார்கள். படகு கட்டும் கம்பெனிகள் அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு, அதற்குக் கொஞ்சம் குறைவாகவே பாய்மரத்தை வடிவமைக்கின்றன. ஒரு எண்ணைப் பொதுவாக்கியதால் பாலம் கட்டுபவரும் படகு கட்டுபவரும் சந்திக்காமலேயே ஒத்துப்போகிறார்கள். அங்கேயும் மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடியில் நிற்கிறது. உயரமான பாய்மரக்காரர்கள் அந்த ஒன்றுக்காகவே கடலுக்குள் சுற்றிப் போகிறார்கள். சுற்றிப் போகக் கடல் இருப்பது அவர்களுடைய நல்ல காலம். நம் கால்வாயின் படகுக்குச் சுற்றிப் போக ஏன் முடியாது என்றால், வங்கக் கடல் அலையில் கால்வாய்ப் படகு நிற்காது. அந்த அலையைத் தவிர்க்கத்தான் கால்வாயே வெட்டப்பட்டது.

நம்மிடமும் இப்போது எண் இல்லாமல் இல்லை. உள்நாட்டு நீர்வழி ஆணையம் 2006இல் வகுத்த வகைப்பாட்டு விதிகளில், ஒவ்வொரு தர நீர்வழிக்கும் பாலத்தின் அடிவிளிம்பு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பது உண்டு. ஆனால் அந்த விதி எழுதப்படுவதற்கு முன்பே நின்றுவிட்ட பாலங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலையையும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் இணைக்கத் தெற்குக் கால்வாய்க்குக் குறுக்கே துரைப்பாக்கத்திலும் சோழிங்கநல்லூரிலும் மற்ற இடங்களிலும் வந்த பாலங்கள், வந்துகொண்டிருக்கும் பாலங்கள், இவற்றில் மிகத் தாழ்ந்தது எதுவோ அது 110 கிலோமீட்டருக்கும் உயரத்தை முடிவு செய்யும். சாலைப் பொறியாளரின் வரைபடத்தில் அணுகுசாலையின் சரிவு முப்பதுக்கு ஒன்று என்றால், ஒரு மீட்டர் உயர்த்த முப்பது மீட்டர் சாலை இரு பக்கமும் கூடும். அந்த முப்பது மீட்டரின் விலை சாலைத் துறையின் மதிப்பீட்டில் வரும். அதைக் கட்டாமல் விட்டால் இழக்கும் நீர்வழியின் விலையையும் அதே மதிப்பீட்டில், அதே பக்கத்தில், நீர்வழி ஆணையம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு புதிய பாலத்துக்கும் ஒப்பந்தம் கோரும் முன் அது நடக்க வேண்டும். அதோடு, இருக்கும் பாலங்கள் ஒவ்வொன்றின் அடிவிளிம்பையும் உயர் ஓதத்தில் அளந்து, அந்த எண்ணைப் பாலத்தின் மேலேயே இரு பக்கமும் எழுதி வைக்க வேண்டும். அடுத்து படகு கட்டப் போகிறவர் தன் மரத்தை அந்த எண்ணைப் பார்த்து வெட்டிக்கொள்வார்.